எல்லப்பன் செத்துப்போன சாயங்காலம்

தேவாலாவுக்கு மேலே, இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர்களைக் குடிவைத்த தேயிலைத் தோட்டத்தில், தங்கையா இருந்த லயத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரே தகரக் கூரையின் கீழே வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். ஆனால் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வந்ததும், கட்டிய கொத்தனாருக்குச் சிமெண்டு தீர்ந்ததோ சிரத்தை தீர்ந்ததோ, அப்படியே நின்றுவிட்டது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் மூன்று வீட்டில் எச்சில் ஊறும். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் நாலாவது வீட்டிலிருந்து தீர்ப்பு வரும்.

இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து ஒருவன் கதை எழுதலாமா? தங்கையா எழுதினான். பகலில் ஃபாக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை. சாயங்காலம் வந்து கை கால் கழுவி, மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, எழுதியதை வாய்விட்டுப் படிப்பான். எதிரே அவன் மனைவி தெய்வம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பாள். எழுதியதைக் கண்ணால் மட்டும் படித்துத் திருத்தக்கூடாது என்பது அவனுடைய கொள்கை. கண் மன்னித்துவிடும், காது மன்னிக்காது என்பான்.

அவன் படித்தது தெய்வம்மாவுக்காக. கேட்டது சுவருக்கு அந்தப் பக்கமும். இடது பக்கத்துக் காம்பராவில் இருந்த ராசுவுக்கு எப்போதும் ஒரே குறைதான்.

"ஏப்பா தங்கையா, ஒங் கதையில ஒருத்தனும் சாப்புடவே மாட்டேங்கிறானே! காலையில பெரட்டுல பேரு குடுத்தவன் அந்தி வரைக்கும் அழுதுகிட்டே இருக்கான். ஒரு ரொட்டியாச்சும் குடுப்பா அவனுக்கு."

ராசுவின் மனைவி சுப்பம்மாவுக்கு வேறு கவலை. "அந்தப் பொண்ணு மலையில வழுக்கி விழுந்தான்னு படிச்சீங்களேண்ணே, கூடையில இருந்த கொழுந்து என்னாச்சு? கொட்டிப்போச்சா, இருக்கா? அதச் சொல்லாம விட்டுட்டீங்களே."

முதலில் தங்கையாவுக்குக் கோபம் வந்தது. குரலைத் தாழ்த்திப் பார்த்தான். "சத்தமாப் படிப்பா, காது கேக்கல" என்று சுவருக்கு மேலாக உத்தரவு வந்தது. பிறகு போகப் போக அதில் ஒரு லாபத்தைக் கண்டுகொண்டான். எந்த இடத்தில் அந்தப் பக்கத்தவர்கள் கதையை விட்டுவிட்டு ஊர்க்கதை பேச ஆரம்பிக்கிறார்களோ, அந்த இடம் சரியில்லை. அதை அடித்துவிடுவான். ஆடி மழையில் இன்னும் வசதி. தேவாலா மழை தகரத்தில் இறங்கினால் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது. கதையைக் கத்தித்தான் படிக்க வேண்டும். கத்தும்போது நீளமான வாக்கியத்துக்கு மூச்சு போதாது. மூச்சு முட்டுகிற இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுவான். அவன் படித்த இலக்கணம் அவ்வளவுதான்.

அந்த விளக்கடியில் இன்னொரு வேலையும் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அக்கரையிலிருந்து, அதாவது இலங்கையிலிருந்து, வரும் கடுதாசிகளைத் தங்கையாவிடம்தான் கொண்டுவருவார்கள். அதே இடம், அதே விளக்கு, அதே குரல். கடுதாசியையும் கதையையும் ஒரே ராகத்தில் படிக்கிறோம் என்பது அவனுக்கு அதுவரை தோன்றவில்லை.

கதையில் வரும் ஆட்களுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் அவன் சூடு கண்ட பூனை. ஒருமுறை ஒரு குடிகாரனுக்குக் கந்தன் என்று பெயர் வைத்துப் படித்துவிட்டான். மறுநாள் கீழ் லயத்துக் கந்தன் வாசலில் வந்து நின்றார்.

"நான் குடிப்பேன், இல்லைன்னு சொல்லல. அதக் கோயமுத்தூருப் பத்திரிக வரைக்கும் எழுதிப் போடணுமா?"

அதிலிருந்து காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது தங்கையா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். தோட்டத்தில் ஒருவனுக்கும் இல்லாத பெயர்தான் அவன் கதையில் வரும். அப்படித் தேடிப் பிடித்த பெயர்தான் எல்லப்பன்.

அந்தக் கதையைப் பங்குனியில் எழுதினான். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு இந்தியாவுக்குப் போகிற காகிதம் வந்துவிடுகிறது, எல்லப்பனுக்கு மட்டும் வரவில்லை. அவர்கள் முன்னால் கப்பலேறி வருகிறார்கள். பல மாதம் கழித்து எல்லப்பன் வந்து சேருகிறான். தாடியும் மீசையுமாக நிற்பவனை அவளுக்கே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. பிறகு உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுகிறாள். லயத்தில் பாதிப் பேருக்கு நடந்த சங்கதிதான். ராசுவுக்குப் பரம திருப்தி. "மீன் கொழம்புன்னு போட்டுரு" என்று சுவருக்கு மேலே சிபாரிசு செய்தார். தங்கையாவும் போட்டான். போட்டு, கோயமுத்தூரில் ஆறுமுகசாமி என்பவர் நடத்திய மாதப் பத்திரிகைக்கு அனுப்பினான். அதற்கு முன் அவன் அனுப்பிய கதைகளெல்லாம் போன சுருக்கில் திரும்பி வந்திருந்தன.

ஆனியில், காலியாக இருந்த வலது பக்கத்துக் காம்பராவுக்கு ஆண்டாயி வந்தாள். கூட இரண்டு சிறிய பெண் பிள்ளைகள். புருஷனுடைய காகிதம் அக்கரையில் ஏதோ ஒரு மேசையில் நின்றுவிட்டதாம்.

"அவுக அடுத்த கப்பல்ல வந்துருவாக" என்றாள் தெய்வம்மாவிடம். கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். "அவுக" யார், பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லப்போவதில்லை. புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்புகிறவர்கள் அந்த லயத்துப் பெண்கள். ரேஷன் கடையில் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவளை இடித்து அவளைச் சொல்லச் சொல்வார்கள்.

ஆடி பிறந்ததும் ஆறுமுகசாமியிடமிருந்து கார்டு வந்தது. அவர் பேசுகிற மாதிரியே எழுதுகிறவர்.

"ஏனுங்க தங்கையா, கதை நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா நெம்ப நீளம். பாதியா வெட்டுங்க. முடிவு சப்புனு இருக்குதுங்க. கப்பல்ல வந்தான், மீன் கொழம்பு ஊத்திச் சாப்பிட்டான்னா படிக்கறவங்க ஏப்பம் விடுவாங்களே தவிர அழ மாட்டாங்க. அந்த எல்லப்பனைக் கொன்னுபோடுங்க. கொன்னு அனுப்பினா தீபாவளி மலர்லயே போட்டர்றேன். ஆடி முடியறதுக்குள்ள வேணும்ங்க."

தங்கையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தீபாவளி மலர்! தன் பெயர் அச்சில் வருவதை அவன் எத்தனையோ தடவை மனதுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறான். அதற்காக ஓர் எல்லப்பன் என்ன, ஒன்பது எல்லப்பன்களை அனுப்பத் தயாராக இருந்தான்.

ஆனால் கொல்வது லேசான வேலையாக இல்லை. காலில் ஏறிய அட்டையைக்கூட உப்புப் போட்டு நோகாமல் எடுத்து விடுகிறவன் அவன். இந்தத் தடவை முடிகிற வரைக்கும் வாய்விட்டுப் படிப்பதில்லை என்று வைத்துக்கொண்டான். கொலை செய்பவன் சத்தம் போட்டுக்கொண்டா செய்வான்? ஆண்டாயி வந்த பிறகு அவள் காதில் விழுந்தது அவன் படித்த கடுதாசிகள் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கத் தேவாலாவுக்கு இறங்கிப் போகும்போது தெய்வம்மாவிடம் மட்டும் யோசனை கேட்டான்.

"கப்பல்லருந்து கடல்ல விழுந்துட்டான்னு வச்சா?"

"அத்தன பேரு இருக்கையில இவரு மட்டும் ஏன் விழுறாரு? குடிச்சிருந்தாரா?"

"சரி, இடி விழுந்து..."

"இடி யாரு மேல வேணும்னாலும் விழும். அதுக்கு எதுக்குக் கதை?"

"காச்சல்?"

தெய்வம்மா குடையைச் சாய்த்து அவனைப் பார்த்தாள். "காச்சல்னா நம்பலாம். ஆனா பாவங்க அந்த மனுசன். சாப்புட்டுட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாம்."

தங்கையா விடவில்லை. தலைமன்னாரில் கப்பலுக்குக் காத்திருக்கும்போதே எல்லப்பனுக்குக் காய்ச்சலை வரவைத்தான். கதையைப் பாதியாக வெட்டினான். வெட்ட வெட்ட அது நன்றாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு சாயங்காலம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, விளக்கைப் பக்கத்தில் இழுத்தான்.

"என்னாங்க," என்றாள் தெய்வம்மா, குரலைத் தாழ்த்தி. "அடுத்த காம்பராவுல ஒருத்தி புருஷனுக்காகக் காத்துக்கெடக்கா. இதப் போயி சத்தமாப் படிக்கணுமா?"

"அதனாலதான் படிக்கணும். அவ மனசத் தொட்டுட்டா, அப்பறம் தீபாவளி மலரு என்னா!"

எழுதுகிறவனுக்கு வரும் இந்த வெறி இருக்கிறதே, அது பக்கத்து வீட்டையே பார்க்காது.

மழைக்கு மேலே குரலை ஏற்றி ஆரம்பித்தான். ராசு அந்தப் பக்கம் பீடியை அணைத்துவிட்டுச் சுவர் ஓரமாக வந்து உட்கார்ந்தது தெரிந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது தங்கையாவின் தொண்டை நரம்பு புடைத்திருந்தது.

"எல்லப்பனுக்குத் தலைமன்னாரில் காய்ச்சல் கண்டது. கப்பல் கரையில் நின்றது. பாயை விட்டு எழ முடியவில்லை. பெண்டாட்டி பிள்ளைகள் கடலுக்கு அந்தப் பக்கம். வாயில் ஒரு மிடறு தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. எல்லப்பன் செத்துப்போனான்."

வலது பக்கத்திலிருந்து ஒரு விம்மல் கேட்டது.

தங்கையா புருவத்தை உயர்த்தித் தெய்வம்மாவைப் பார்த்தான். விம்மல் அழுகையாயிற்று. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐயா, எத்தனை வருஷ உழைப்பு! ஒரு வரியில் ஒரு பெண்ணை அழவைத்துவிட்டான். இடது பக்கத்தில் ராசு மூக்கைச் சிந்துகிறார். தங்கையா சந்தோஷம் தாங்காமல், இன்னும் பலமாக, கடைசி வரியை இன்னொரு தடவை படித்தான்.

"எல்லப்பன் செத்துப்போனான்!"

தெய்வம்மா மாவுக் கையோடு எழுந்துவிட்டாள். "நிறுத்துங்க! இது கதைக்கு அழுற அழுக இல்ல."

அதற்குள் ஒப்பாரி கிளம்பிவிட்டது. "நான் பேரு சொல்லா ராசாவே, அடுத்த கப்பலுன்னு சொன்னீகளே, ஆருமில்லா மணல்ல போயிப் படுத்தீகளே..." ஆண்டாயி தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது. மூத்த பெண் வெளியே ஓடி, எதிரே வந்த சுப்பம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா செத்துட்டாராம், தங்கையா மாமா கடுதாசி படிச்சாரு" என்று தேம்பினாள்.

"ஒங்கப்பா பேரு என்னாடி?"

"எல்லப்பன்."

தங்கையா தாளும் கையுமாக எழுந்து நின்றான். பெரட்டில் நிற்பவர்கள் பெயரையெல்லாம் கேட்டுப் பார்த்து எழுதினானே தவிர, பெரட்டுக்கு வராத புருஷன்மார் இருக்கிறார்கள், அவர்கள் பெயரை எந்தப் பெண்டாட்டியும் சொல்லமாட்டாள் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லையே!

அவன் ஆண்டாயியின் காம்பராவுக்குள் நுழைவதற்குள் லயமே அங்கே திரண்டுவிட்டது. பெண்கள் ஆண்டாயியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எல்லப்பனைக் கண்ணால் பார்த்திராதவர்கள்தான். ஆனால் அக்கரையில் ஆளை விட்டுவந்த பெண்ணுக்கு அழ ஆள் அடையாளம் தெரிய வேண்டுமா? ஒருவர் மேளத்துக்குச் சொல்லிவிடலாமா என்றார். இன்னொருவர் நாளைக்கு லீவு கேட்டுவிட வேண்டும் என்றார்.

"ஆண்டாயி, யாரும் சாகல! அது கதை! நான் எழுதுன கதை!" என்று கத்தினான் தங்கையா.

அழுதுகொண்டிருந்தவர்கள் ஒருவரும் நம்பவில்லை. சாவுச் செய்தியைச் சொல்லிவிட்டு, அவள் படும் பாட்டைப் பார்த்துப் பயந்து மாற்றிச் சொல்கிறான் என்று நினைத்தார்கள். கையில் இருந்த தாள்களை அவள் முன்னால் நீட்டினான். அவள் அதைப் பார்த்து இன்னும் பெரிதாக அழுதாள். "கடுதாசியக் கையிலயே வச்சுக்கிட்டுக் கதைன்னு சொல்றீங்களேண்ணே!"

ராசு முன்னால் வந்தார். "ஏம்மா, இந்தா பாரு, இந்த எல்லப்பன எனக்கு நல்லாத் தெரியும். பங்குனியில இந்த லயத்துக்கு வந்து மீன் கொழம்பு ஊத்திச் சாப்புட்டவன்!"

ஆண்டாயி அழுகையை நிறுத்தி அவரை விழித்துப் பார்த்தாள். "பங்குனியில அவுக எங்ககூட அக்கரையில இருந்தாகளே..."

கெட்டது கெட்டது, இன்னும் கெடுப்பானேன் என்று தங்கையா ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து பழைய பிரதியைக் கொண்டுவந்தான். நின்றபடியே பழைய முடிவைப் படித்தான். கப்பல் வந்தது, எல்லப்பன் இறங்கினான், தாடியோடு வாசலில் நின்றான், அவள் மீன் குழம்பு ஊற்றினாள். படிக்கப் படிக்க அழுகை ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆண்டாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இதுல எதுண்ணே நெசம்?"

"ரெண்டும் பொய்தான் தாயி."

"ரெண்டும் பொய்னா நல்ல பொய்ய அனுப்புனா என்னாண்ணே?"

தங்கையா கையிலிருந்த இரண்டு பிரதிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அவள் விடாமல் கெஞ்சினாள். "அச்சுல ஏறிட்டா அழிக்க முடியாதுண்ணே. அவுக வர்ற நேரத்துல இப்பிடி ஒரு சொல்லு ஏறணுமா?"

பெயரை மாற்றிவிடுகிறேன் என்று அவன் சத்தியம் செய்தான். இதில் என்ன கஷ்டம்? எல்லப்பனை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினால் தீர்ந்தது. அப்படித்தான் நினைத்தான்.

மறுநாள் குழாயடியில் சுப்பம்மா வழிமறித்தாள். அவளுடைய கூடப்பிறந்தவர்கள் எல்லாம் அக்கரையில். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, இதெல்லாம் வேண்டாம் என்றாள். அது பரவாயில்லை. புருஷன்மாரை விட்டுவந்தவர்கள் வந்ததுதான் பெரும்பாடு. பெயரைச் சொல்லாமல் பெயரை வைக்காதே என்று சொல்ல வேண்டுமே!

"அண்ணே, பழனியில கோமணத்தோட நிக்கிறாரே, அவரு பேரு வேணாம்" என்றாள் ஒருத்தி.

"ராத்திரி வானத்துல வருமே, வெள்ளையா, அது வேணாம்" என்றாள் அடுத்தவள், மேலே கையைக் காட்டி.

இன்னொருத்தி வாசலில் நின்று வெட்கப்பட்டுக்கொண்டே, "ராமாயணத்துல கடலத் தாண்டுனாரே..." என்று இழுத்தாள். தெய்வம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாரம் முடிவதற்குள் முப்பத்து முக்கோடி தேவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

தங்கையா கடைசியாக ஒரு வழி கண்டான். பெயரே வேண்டாம். 'அவன்', 'அவர்' என்று எழுதிவிட்டால் யாரும் சண்டைக்கு வர முடியாது. இந்தத் தடவை முதலில் ஆண்டாயியிடம் போய்ச் சொன்னான். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேரு இல்லாமயா? வெறும் 'அவுக'ன்னா?"

"ஆமா. அப்ப அது யாரும் இல்லேல்ல?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "எல்லப்பன்னு வச்சீங்கன்னா ஒருத்தருதான் செத்தாருண்ணே. 'அவுக'ன்னு வச்சா எங்க எல்லாருக்குமே செத்த மாதிரில்ல? நாங்க கூப்புடுற பேரே அதுதானே."

தங்கையா திரும்பி வந்து விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தான். ஆடி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. தீபாவளி மலர் ஆசை அவன் நெஞ்சை அரித்தது. கோயமுத்தூரில் படிக்கிறவனுக்கு இவர்கள் யார் என்றா தெரியப்போகிறது? அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? பேனாவை எடுத்தான். வலது பக்கத்தில் ஆண்டாயி பிள்ளைகளுக்குச் சொல்வது கேட்டது: "அவுக வர்றப்ப ரெண்டு பேரும் தல சீவியிருக்கணும், ஆமா." பேனா நகரவில்லை. அவனால் கொல்ல முடியவில்லை. அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

சாவை எடுத்துவிட்டான். வெட்டிய பாதியை வெட்டியபடியே விட்டான். கதை முழுக்க 'அவர்' என்றே எழுதினான். கடைசியில் கூடலூர் பஸ் வந்து நிற்கிறது, யாரோ இறங்குகிறார் என்று முடித்து, ஆசையை அடக்கிக்கொண்டு தபாலில் போட்டான்.

தீபாவளி மலர் அவன் கதை இல்லாமல்தான் வந்தது. கூடலூரில் கடையில் நின்றபடி புரட்டிப் பார்த்துவிட்டு, வாங்காமல் பஸ் ஏறினான். சில நாள் கழித்து ஆறுமுகசாமியின் கார்டு வந்தது.

"கொல்லாட்டிப் போகுது போங்க. இதுவும் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா பேரில்லாத மனுசனைப் படிக்கறவன் எப்படி நம்புவானுங்க? அந்த ஆளுக்கு ஒரு பேரை வெச்சு அனுப்புங்க. பொங்கலுக்குப் போட்டர்றேன்."

பெயருக்கு எங்கே போவான்! கார்டைக் கூரைச் சட்டத்தில் செருகிவைத்தான்.

கார்த்திகையில் ஒரு நாள், பெண்கள் கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்புகிற நேரம். தங்கையா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பனிமூட்டத்திலிருந்து ஒருவர் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். மெலிந்த உடம்பு, பல நாள் தாடி.

"தம்பி, ஆண்டாயி காம்பரா எது?"

"நீங்க யாருங்க?"

"அவ வீட்டுக்காரன். எல்லப்பன்."

வாளி கையிலிருந்து நழுவி மேட்டில் உருண்டது. தன் கையாலேயே கொன்ற ஆள் வந்து வழி கேட்டால் மனிதன் என்ன செய்வான்? தங்கையா அவர் கையைத் தொட்டுப் பார்த்தான். "காச்சல் இல்லையே?" என்று வாய் தானாகக் கேட்டது.

"இப்ப இல்ல" என்றார் அவர், புரியாமல்.

"எல்லப்பன் வந்துட்டாரு!" என்று தங்கையா போட்ட சத்தம் கீழ் லயம் வரைக்கும் போயிருக்கும். ராசு பீடியோடு ஓடிவந்தார். கூடையை இறக்காமலே பெண்கள் ஓடிவந்தார்கள். "எல்லப்பனா? நெசமாவா?" என்று சிரித்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள். கீழ் லயத்துக் கந்தன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். எல்லப்பன் மிரண்டுபோய்ப் பெட்டியை இறக்காமலே நின்றார். "ஆளு மாறிப் பேசுறீங்க போல. எனக்கு இங்க யாரையும் தெரியாதே. எம் பேரக் கேட்டு ஏன் இப்பிடி அழுது சிரிக்கிறீங்க?"

கூட்டம் விலகியது. ஆண்டாயி கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். "வாங்க" என்றாள்.

பஸ்ஸில் முடிகிற அந்தக் கதை பொங்கல் இதழில் வந்தது, தங்கையாவின் பெயரை அச்சில் பார்த்து லயமே கொண்டாடியது, எல்லாம் பிறகு நடந்தவை. அவர் வந்த அன்றைய சாயங்காலத்தைச் சொன்னால் போதும்.

குளித்து, தாடி எடுத்து, எல்லப்பன் தங்கையாவின் காம்பராவுக்கு வந்து உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் ராசு சொல்லிவிட்டிருந்தார்.

"தம்பி, நான் எப்பிடிச் செத்தேன்? அதப் படி" என்றார்.

"அது வேணாங்க. அடிச்சுப்போட்டாச்சு."

"பரவால்ல, படி."

"நான் கேக்க மாட்டேன், காதப் பொத்திக்கிறேன்" என்று சுவருக்கு அப்பாலிருந்து ஆண்டாயி கத்தினாள். தெய்வம்மா பெட்டிக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தாள். தங்கையா படித்தான். மழை இல்லை, கத்த வேண்டியிருக்கவில்லை. தலைமன்னார், காய்ச்சல், பாய், ஒரு மிடறு தண்ணீர், எல்லாம் வந்தன. எல்லப்பன் குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

"இதுக்கா எல்லாரும் அழுதாங்க?"

"அழுதாங்க. மேளத்துக்குச் சொல்லிவிடப் பாத்தாங்க" என்றார் ராசு சுவருக்கு மேலாக.

எல்லப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு நெசமாவே காச்சல் தம்பி, தலைமன்னார்ல. சாவுக்குப் பயப்படல. இந்தக் கரைக்கு வந்து வழியில விழுந்தா, இவன் யாருன்னு கேக்கக்கூட ஒரு நாதி இருக்காதேன்னுதான் பயந்தேன். நான் வந்து சேர்றதுக்கு முந்தியே எனக்காக ஒரு லயமே அழுதிருக்குன்னு அப்பத் தெரிஞ்சிருந்தா, காச்சல் அன்னைக்கே எறங்கியிருக்கும்." தாளைத் தங்கையாவின் பக்கம் தள்ளினார். "பத்திரிகைக்குப் பேரு வேணுமாமே. எல்லப்பன்னே வச்சு அனுப்பு."

காதைப் பொத்திக்கொண்டிருந்தவளின் குரல் சுவருக்கு மேலே வந்தது.

"செத்தது போதும். கொழம்பு ஆறுது, சாப்புட வரச்சொல்லுங்கண்ணே."